நரம்புச் சுருட்டும் பயத்துக்கான குப்பியும்

அன்பு மகள் வாண்டுக்கு அப்பா எழுதுவது.

நானும் உன் அம்மாவும் நலம். இந்தச் சொல்லை இம்முறை வழக்கத்துக்காகப் போடவில்லை, சரிபார்த்துவிட்டுத்தான் போடுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் நலமாக இருக்க வேண்டும். எதை முதலில் சொல்வது என்று தெரியாமல் இரண்டு தாள்களைக் கிழித்துவிட்டேன். ஆகவே சொல்லப் போவதை முதலிலேயே வரிசைப்படுத்திக்கொள்கிறேன், சிரிக்காதே.

1. என் இடது காலுக்கு என்ன ஆயிற்று.
2. ஆயுள் முழுவதும் ஆங்கில மருந்து எடுத்துக் கொடுத்தவன் ஹோமியோபதி டாக்டரிடம் போன கதை. அவருக்கு நான் ஏன் கடமைப்பட்டிருக்கிறேன்.
3. ஆஸ்பத்திரியில் நடந்தது.
4. உன் அம்மாவுக்குப் பயம் என்றால் என்னவென்றே தெரியாது. நீ அவளைப் போல் இருக்க வேண்டும்.
5. உன் கால்களைப் பற்றி ஒரு வார்த்தை.

ஆஸ்பத்திரி மருந்து ஜன்னலுக்குப் பின்னால் நான் எத்தனை வருடம் நின்றேன் என்பது உனக்குத் தெரியும். சீட்டைப் படித்து, மாத்திரையை உறையில் போட்டு, காலை இரவு என்று சொல்லி நீட்டுவதற்குள் அடுத்த கை உள்ளே வந்துவிடும், உட்கார ஏது நேரம். அப்போதே முழங்காலுக்குக் கீழே நரம்பு பச்சையாகப் புடைத்து நெளிந்து கிடக்கும், நீ சின்னப் பிள்ளையில் அதன்மேல் விரலை ஓட்டி பஸ் விட்டு விளையாடுவாய். வலி பொறுக்கும்படி இருந்ததால் நானும் விட்டுவிட்டேன். போன வருடக் கடைசியில் கணுக்காலுக்கு மேலே தோல் கறுத்து, அரித்து, சொறிந்த இடம் புண்ணாயிற்று. அந்தப் புண் ஆறவே இல்லை. ஆறாத புண் எங்கே கொண்டுபோய் விடும் என்று மற்றவர்களுக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரியும், தெரிந்ததுதான் வினை. ஆஸ்பத்திரி டாக்டர் ஸ்கேன் எடுத்துப் பார்த்து லேசரால் நரம்பை அடைத்துவிடலாம் என்று சீட்டு எழுதித் தந்தார். நான் நன்றாகத் தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்து அந்தச் சீட்டை அகராதிக்குள் வைத்து மூடிவிட்டேன். உன்னிடம் சொல்லாததற்குக் காரணம், தொலைபேசியை எப்போதும் முதலில் எடுப்பது உன் அம்மா. "இங்க ஒண்ணுமில்லடி, கல்லு மாதிரி இருக்கோம்" என்று அவள் சொன்ன பிறகு கல்லுக்குக் கால் வலி என்று நான் எப்படிச் சொல்வது?

கத்திக்குப் பயந்தவனுக்குச் சர்க்கரை உருண்டை தேவாமிர்தம். சைக்கிள் கடை மாடியில் ஒரு ஹோமியோபதி டாக்டரம்மா இருப்பதாகவும் நரம்புச் சுருட்டுக்குக் கத்தியில்லாமல் மருந்து தருவதாகவும் கேள்விப்பட்டு, உன் அம்மாவை அழைத்துக்கொண்டு கிளம்பினேன். என்னோடு வேலை பார்த்தவர்கள் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று குடையைத் தாழ்த்திப் பிடித்தபடி நடந்தேன். மழையும் இல்லை, வெயிலும் இல்லை. "குடைய மடக்குங்க, இப்பதான் எல்லாரும் திரும்பிப் பாக்குறாங்க" என்றாள். டாக்டரம்மாவுக்கு உன் வயதுதான் இருக்கும். காலைப் பார்ப்பதற்கு முன் கேள்விகளை ஆரம்பித்தார். எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பேன், குளிர் ஆகுமா வெயில் ஆகுமா, யாராவது ஆறுதல் சொன்னால் பிடிக்குமா எரிச்சல் வருமா, என்ன கனவு வரும் என்று கேட்டுக்கொண்டே போனார். ஜன்னல் வழியே ஆயிரம் ஆயிரம் பேருக்கு மருந்து கொடுத்திருக்கிறேன், ஒருவரிடம்கூட நான் இப்படிக் கேட்டதில்லை, என்னிடமும் யாரும் கேட்டதில்லை. பதில் சொல்ல நான் யோசிப்பதற்குள் உன் அம்மா சொல்லிவிடுவாள். எதற்காவது பயப்படுவீர்களா என்றதும் அவளுக்கு வாய் நிறையச் செய்தி. "இவரா? கரப்பான்பூச்சிய அடிக்க என்னைத்தான் எழுப்புவார் டாக்டர். அதுவும் மெதுவா எழுப்புவார், பூச்சி முழிச்சிக்கப் போகுதுன்னு." டாக்டரம்மா சிரித்துவிட்டு, உங்களுக்கு ஏதாவது பயம் உண்டா அம்மா என்று அவளையும் கேட்டார். "எனக்கா? அதான் இவர் எனக்கும் சேர்த்துப் பயப்படுறாரே, வீட்டுக்கு ஒரு ஆள் போதாதா?" என்றாள்.

பிறகுதான் கட்டை அவிழ்த்துப் புண்ணைப் பார்த்தார், முகத்திலிருந்த சிரிப்பு மறைந்துவிட்டது. "ஐயா, நரம்புக்கு மருந்து தர்றேன். ஆனா இந்தப் புண்ண வச்சுக்கிட்டு என் மாத்திரைய மட்டும் நம்பி நீங்க உக்காந்திருந்தா, அது நான் உங்களுக்குப் பண்ற துரோகம். ஆஸ்பத்திரியில ஸ்கேன் எடுத்துப் பாத்து ஏதாவது சீட்டு தந்தாங்களா?" என்றார். அகராதிக்குள் இருக்கிறது என்று ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. "பயம்ங்கிற சொல்லுக்குப் பக்கத்துலதான் வச்சிருப்பார்" என்றாள் உன் அம்மா. என்னிடம் ஃபீஸ் வாங்கிக்கொண்டு வருஷக்கணக்கில் உருண்டை கொடுத்திருக்கலாம், வாண்டு. நானும் வாயை மூடிக்கொண்டு சாப்பிட்டிருப்பேன். அந்த அம்மாள் எனக்கு எதிரிலேயே ஆஸ்பத்திரிக்குப் பேசி நாள் குறித்துத் தந்தார். அதற்காகத்தான் இந்தக் காலில் நடக்கும்போதெல்லாம் அவரை நினைத்துக்கொள்கிறேன். இரண்டு குப்பி கொடுத்தார். ஒன்று நரம்புக்கு. இன்னொன்று ஆபரேஷன் அன்று பயம் வந்தால் நாலு உருண்டை நாக்கில் போட்டுக்கொள்ள. பயத்துக்கான குப்பியை என் கையில் தராமல் அம்மா கையில் கொடுத்தார், நான் தொலைத்துவிடுவேன் என்று நினைத்தாரோ என்னவோ. அதன் பெயரை நினைவிலிருந்து எழுதினால் பிழை வரும், முடிக்கும்போது குப்பியைப் பார்த்து எழுதுகிறேன். நரம்பு மருந்து வேலை செய்ததா என்று கேட்டால் சத்தியமாக எனக்குத் தெரியாது. வலி கொஞ்சம் மட்டுப்பட்டது. ஆனால் அவர் காலை உயர்த்தி வைத்துப் படுக்கவும் சொல்லியிருந்தார். எது எதைக் குறைத்தது என்று அடித்துச் சொல்ல நான் யார்.

ஆஸ்பத்திரியில் பச்சை அங்கியைப் போட்டுவிட்டபோது எனக்குப் பல் தந்தியடித்தது. அம்மாவிடம் குப்பியைக் கேட்டேன். பக்கத்தில் இருந்த நர்ஸ், "வாயில எதுவும் போடக்கூடாது தாத்தா, தண்ணி கூட வேண்டாம்" என்றாள். சர்க்கரை உருண்டைதானம்மா என்று சொல்லிப் பார்த்தேன், சர்க்கரையும் வாயில் போடுவதுதானே என்றாள். விதி என்றால் நான் மீற மாட்டேன் என்று உனக்குத் தெரியும். குப்பி கைப்பைக்கே திரும்பிப் போயிற்று. அம்மா என் அங்கியின் முடிச்சைச் சரிசெய்துவிட்டு, "போய்ட்டு வாங்க, உள்ள கரப்பான்பூச்சி இருந்தா கூப்பிடுங்க" என்றாள். அந்தச் சிரிப்போடுதான் நான் உள்ளே போனேன், மாத்திரை இல்லாமல். மரத்துப்போக ஊசி போட்டார்கள், விளக்கைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன், முடிந்துவிட்டது. இப்போது புண் மூடி, மேலே புதுத் தோல் பளபளக்கிறது. காலையில் கடைத்தெரு வரை நடந்து போய்ப் பால் வாங்கி வருகிறேன்.

நான்காவதற்கு வருகிறேன். என்னை வெளியே தள்ளிக்கொண்டு வந்தபோது வரிசையாக நாற்காலிகள் காலியாகக் கிடக்க, உன் அம்மா கதவை ஒட்டி நின்றுகொண்டிருந்தாள். வாயில் எதையோ ஒதுக்கிக்கொண்டு, "அதுக்குள்ளயா முடிஞ்சிருச்சு?" என்று கேட்டாள். காண்டீனில் மிட்டாய் வாங்கியிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். கட்டினவனை உள்ளே படுக்க வைத்திருக்கும்போது வெளியே நின்று மிட்டாய் சாப்பிடும் நெஞ்சுரம் யாருக்கு வரும்? நீ என்னைக் கொண்டு பிறந்தவள், எதற்கும் கலங்குவாய். அவளைப் பார்த்துக் கற்றுக்கொள்.

கடைசியாக உன் கால்கள். நாள் முழுவதும் பிறர் தலைக்குப் பின்னால் நின்று முடி வெட்டுகிறாய். வாடிக்கையாளர் எழுந்து போனதும் அடுத்தவரைக் கூப்பிடுவதற்கு முன் கொஞ்சம் உட்கார். வீட்டுக்குப் போனதும் காலைத் தலையணைமேல் உயர்த்தி வை. பச்சை நரம்பு தெரிந்தால் அப்பனைப் போல் அகராதியில் ஒளிக்காதே.

இப்போது மருந்தின் பெயரை எழுதுவதற்காக எழுந்துபோய்க் கைப்பையைத் திறந்து பார்த்தேன். ஜெல்சீமியம் என்று இருக்கிறது. குப்பியில் ஓர் உருண்டை கூட இல்லை. கொட்டிவிட்டதா என்று அம்மாவைக் கேட்டேன். காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் நிமிராமல் சொன்னாள்: "நான்தான் தின்னேன். அந்தக் கதவு மூடினதும் கை நடுங்க ஆரம்பிச்சுருச்சு, உக்கார முடியல. நாலு போட்டேன், நிக்கல. திரும்ப நாலு. அப்புறம் கணக்கெல்லாம் வைக்கல, கதவு திறக்குற வரைக்கும் போட்டுக்கிட்டே இருந்தேன்." நடுக்கம் நின்றதா என்று கேட்டேன். "நீங்க வெளிய வந்ததும் நின்னுச்சு. இதப் போய் அவளுக்கு எழுதித் தொலைக்காதீங்க" என்றாள். இத்தனை வருடம் ஒன்றாக இருந்தும் அவள் வாயில் இருந்தது மிட்டாய் என்று நினைத்திருக்கிறேன் பார்.

எழுத வேண்டாம் என்றதை எழுதிவிட்டேன், நீ தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதே. இனி அவள் தொலைபேசியில் ஒண்ணுமில்லடி என்று சொன்னால், அதோடு விடாமல் இன்னொரு முறை கேள். உனக்கும் உன் வீட்டாருக்கும் ஒரு குறையும் வராமல் இருக்க எங்கள் இருவரின் ஆசியும் எப்போதும் உண்டு. நான்காவதாக நான் எழுதியது தவறு.

உன் அப்பா