கடல்மேல் நின்ற ஜோதி டீச்சர்

பிரியமான ஜெரூஷா அப்பாவுக்கு,

ஸ்தோத்திரம். நான் சுகம். உங்கள் முட்டிவலி தேவலையா? சேலையூரில் இன்னும் வெயில்தானாமே; இங்கே மாலத்தீவில் விடாத மழை.

பள்ளி விடுமுறையில் டீச்சர்கள் எல்லோரும் பக்கத்துத் தீவைச் சுற்றிப் பார்க்கப் போனோம். கடற்கரையில் அலைச்சறுக்கு கற்றுத்தரும் பெண் ஒருத்தி, "யார் வர்றீங்க?" என்று கேட்டாள். சின்ன வயசு டீச்சர்களே தயங்கினார்கள். வகுப்பில் தினமும் "பயப்படாம கை தூக்கு" என்று சொல்கிற நான் சும்மா இருக்கலாமா? நாற்பத்தாறு வயதில் கை தூக்கிவிட்டேன்.

பல தடவை விழுந்தேன். ஒருமுறை சறுக்குப் பலகை மோவாயில் இடித்து லேசாகக் கிழித்துவிட்டது. இரண்டே தையல்தான், ஆறிவிட்டது. என்னோடு வேலை பார்க்கும் நம் தாம்பரத்து சுஜி கரையிலிருந்து கத்தினாள்.

"ஜோதிக்கா, போதும்க்கா, ரத்தம் வருது! அண்ணா கேட்டா நான் இன்னா சொல்றது?"

"இன்னும் ஒரே ஒரு அலை, சுஜி!"

அந்த அலையில் நின்றுவிட்டேன்! கொட்டும் மழையில், பலகைமேல் இரண்டு காலையும் ஊன்றிக் கரைவரை வந்தேன். எல்லோரும் கைதட்டினார்கள். அந்தக் கூட்டத்தில் என் கண் உங்கள் முகத்தைத்தான் தேடியது.

சுஜி லீவில் ஊருக்கு வருகிறாள்; இந்தக் கடிதத்தையும் அவளிடம்தான் கொடுத்தனுப்புகிறேன். திரும்பும்போது அவளிடம் சுக்குப்பொடியும் உங்கள் பழைய சட்டை ஒன்றும் கொடுத்தனுப்புங்கள். இங்கே துணி காய்வதில்லை, அதற்காகத்தான். ஜெரூஷாவைப் போனில் கொஞ்சம் நீளமாகப் பேசச் சொல்லுங்கள்.

படகுக்கு நேரமாகிவிட்டது என்று சுஜி அவசரப்படுத்துகிறாள். ஞாயிறு ஆராதனை முடிந்து யாராவது என்னை விசாரித்தால், நன்றாக இருக்கிறாள் என்று மட்டும் சொல்லாதீர்கள். கடல்மேல் நின்றாள் என்று சொல்லுங்கள்.

உங்கள் ஜோதி