வெறும் பெட்டியும் போய்ச் சேர வேண்டும்

பூஸ், ஏப்ரல் 16, புதன்கிழமை

அன்பு மகள் யுன்-ஜென்னுக்கு,

அப்பா எழுதுகிறேன். வீட்டில் இருவரும் சுகம். நீ அந்தத் தாலின் நகரக் குளிரில் இரண்டு காலுறை போட்டுக்கொள்கிறாயா என்று அம்மா கேட்கச் சொன்னாள். கேட்டுவிட்டேன். கைபேசியில் தட்டினால் என் கட்டைவிரல் பக்கத்து எழுத்தையும் சேர்த்து அழுத்துகிறது என்பது உனக்குத் தெரியும். ஆகையால் வழக்கம்போலக் காகிதத்தில் எழுதிப் படமெடுத்து அனுப்புகிறேன். போன கடிதத்தில் பாதிப் பக்கத்தை என் விரல் மறைத்துவிட்டது என்று குறைப்பட்டாய். இந்தத் தடவை அம்மா படமெடுக்கிறாள்.

நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். புத்தாண்டுக்கு வந்தபோது நம் பூத்தையல் இயந்திரத்தின் முதுகில் ஒரு சின்னப் பெட்டியைக் கட்டி, பஞ்சுத்தூசிக்குப் பயந்து கணினியை மாடியில் உன் அறைக்குக் கொண்டுபோனாய். இடையே யூ.எஸ்.பி. வயரே கிடையாது. வயர் சொருகியிருப்பதாகக் கணினியை நம்பவைப்பதுதான் உங்கள் நிறுவனத்து நிரலின் வேலை என்றாய். கணினியை நம்பவைப்பது சுலபம். என்னை நம்பவைக்கத்தான் மூன்று நாள் ஆனது.

அந்த நிரல் எப்போதாவது நின்றுபோவதாக ஊர் ஊராய்ப் புகார் வருகிறது, உங்கள் அலுவலகத்தில் மட்டும் நிற்கவே மாட்டேன் என்கிறது, இந்த வெள்ளிக்கிழமைக்குள் காரணம் தெரியாவிட்டால் ஆறு மாதத் தகுதிகாண் காலத்தோடு உன்னை அனுப்பிவிடுவதாக மேலாளர் ரெய்ன் சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை நீ போனில் இதைச் சொன்னபோது உன் குரல் கொஞ்சம் கம்மியிருந்தது. வயர் இல்லாத கோளாறு என்று நினைத்துக்கொண்டேன்.

நம் கடையிலும் நின்றது. உயர்நிலைப் பள்ளிப் பெண்களின் கயிறிழுப்பு அணிக்குப் பத்து மேல்சட்டை, நெஞ்சில் பெயர். ஒன்பது பெயர் ஓடிவிட்டது. பத்தாவது பெயர் லியாவ் மான்-நிங். கயிற்றின் கடைசியில் இடுப்பில் சுற்றிக்கொண்டு நிற்பாளே, அந்தப் பெண். அவள் பெயரை அனுப்பினால் இயந்திரத்தின் சின்னத் திரையில் 'பெற்றுக்கொண்டிருக்கிறது' என்று வருகிறது. அரை மணி கழித்தும் அதேதான். ஊசி அசையவில்லை. அணைத்துப் போட்டேன், தட்டினேன், கெஞ்சினேன். மற்ற பெயரெல்லாம் ஓடுகிறது, மான்-நிங் மட்டும் ஓடவில்லை.

பிறகுதான், இயந்திரம் சமர்த்தாக ஓடட்டும் என்று ஊர் வழக்கப்படி அதன் தலையில் வைத்திருந்த பச்சைத் தின்பண்டப் பொட்டலம் ஞாபகம் வந்தது. எடுத்துப் பார்த்தால் போன நவம்பரிலேயே காலாவதி. அதுதான் சமர்த்தாக இருக்க மாட்டேன் என்கிறது என்று கடைக்கு ஓடி, அவசரத்தில் மஞ்சள் பொட்டலத்தை வாங்கி வந்துவிட்டேன். அம்மா இடுப்பில் கைவைத்துக்கொண்டு, "மஞ்சள வெச்சா மெஷினு சண்டித்தனம் பண்ணும்னு சின்னக் கொழந்தைக்கும் தெரியும். முப்பது வருஷமா கடை நடத்துற மனுஷனுக்குத் தெரியல" என்றாள். திரும்பப் போய்ப் பச்சை வாங்கினேன். அப்போதும் மான்-நிங் ஓடவில்லை. "பொட்டலம் மெஷினுக்குப் போதும். உங்களுக்குத்தான் வேற ஏதாவது வாங்கணும்" என்றாள். மஞ்சளை வீணாக்கக் கூடாதென்று நானே தின்றேன். அதற்குப்பின் அரை நாள் நானும் சண்டித்தனமாகத்தான் இருந்தேன்.

அந்த நேரம் பார்த்துப் பயிற்சியாளர் துங் வந்தாள். "என்னண்ணே, ஒங்க மெஷினுக்கு எங்க மான்-நிங்கக் கண்டா ஆகாதா? அவ எழுபது கிலோ, கேள்விப்பட்டா மெஷினத் தூக்கிட்டுப் போயிருவா" என்றாள். அந்த ரோஷத்தில், பெயரின் கடைசியில் முடிச்சுத் தையல் ஒன்றைக் கூடுதலாகப் போட்டு அனுப்பிப் பார்த்தேன். ஓடியது. எடுத்துவிட்டு அனுப்பினேன். நின்றது. மறுபடி போட்டேன். ஓடியது. ஒரே ஒரு தையல்.

தையலை எண்ணுவதுதானே நம் பிழைப்பு. மான்-நிங் பெயருக்கு 1344 தையல். புத்தாண்டுக்குப்பின் இதுபோல இன்னும் இரண்டு தடவை நின்றிருந்தது, மீன் உருண்டைக் கடையின் மேலங்கிக்கு 1216, கோயில் கொடிக்கு 2240. மூன்றையும் நாட்காட்டித் தாளின் பின்பக்கம் எழுதிவைத்து முறைத்துப் பார்த்தேன். நான் படித்த படிப்புக்கு எனக்கு நன்றாக வரும் ஒரே கணக்கு பாதி போடுவது. போட்டேன். 1344 பாதி 672, பிறகு 336, 168, 84, 42, 21. ஆறு தடவை பாதியாகிப் பிறகுதான் ஒற்றைப்படை. 1216-உம் ஆறு தடவை, 19-இல் நிற்கிறது. 2240-உம் ஆறு தடவை, 35-இல் நிற்கிறது. சிக்கலில்லாமல் ஓடிய பெயர்களில் இருபதை எடுத்துப் பார்த்தேன். ஒன்றுகூட ஆறு தடவை பாதியாகவில்லை, அதற்குள் ஒற்றைப்படை வந்துவிடுகிறது. பிறகு வேண்டுமென்றே 640 தையலில் ஒரு கோணல் வாத்து வரைந்து அனுப்பினேன். நின்றது. 641 தையல் வாத்து ஓடியது. வாத்துத் துணியை இத்துடன் படமெடுத்திருக்கிறேன். உன் மேலாளரிடம் காட்டும்போது வரைந்தது யாரென்று சொல்லாதே.

இதற்கு அர்த்தம் என்னவென்று எனக்குத் தெரியாது. உனக்குத் தெரியும்.

இந்தக் கடைசிப் பக்கத்தை நானே படமெடுக்கிறேன். விரல் விழுந்திருந்தால் பொறுத்துக்கொள். அம்மா படிக்க வேண்டாம் என்றுதான்.

இதை நான் கண்டுபிடித்தது திங்கட்கிழமை மதியம். இன்று புதன். ஞாயிறு உன் போன் வந்த கையோடு அம்மா உன் மெத்தைப்போர்வையை மொட்டைமாடியில் காயப்போட்டுத் தட்டினாள். "வேல போனா போவுது, புள்ள வந்துருவா" என்று வாய் நிறையச் சிரித்தாள். நானும் கணினியை எந்த மூலைக்கு மாற்றலாம் என்று உன் அறையை அளந்தேன். திங்கட்கிழமை கணக்கு பிடிபட்டபோது, நம் கடைக்கு ஒரு தையல் கூடப் போட்டால் போதுமே, இதை எதற்குத் தாலின்வரை சொல்ல வேண்டும் என்று ஒரு புத்தி வந்தது. நாட்காட்டித் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். இரண்டு நாள் அது பையில்தான் இருந்தது. இன்று காலை சட்டையைத் துவைக்கப் போட்ட அம்மா தாளை வெளியே எடுத்து, "என்னது, லாட்டரி நம்பரா?" என்றாள். ஆமாம் என்றேன். அவள் எண்களை ஒரு தடவை பார்த்தாள், என்னை ஒரு தடவை பார்த்தாள். "அப்ப யாருக்குச் சேரணுமோ அவகிட்ட சேத்துருங்க" என்று என் கையிலேயே வைத்துவிட்டுப் போனாள். ஆகையால் இந்தப் பக்கத்தை அவளிடம் மறைப்பதிலும் பெரிய அர்த்தமில்லை.

இன்னும் இரண்டு நாள் இருக்கிறது. எடுத்துக்கொள், மகளே. திருட்டுப் பொருளைத் திருப்பிக் கொடுப்பதாக வைத்துக்கொள்.

தாமதமாக வந்த
அப்பா


பூஸ், ஏப்ரல் 23, புதன்கிழமை

அன்பு யுன்-ஜென்னுக்கு,

நீ அனுப்பிய புது நிரலைப் போட்டாயிற்று. முதலில் 640 தையல் வாத்து. ஓடியது. பிறகு முடிச்சு சேர்க்காத மான்-நிங். ஓடியது. அம்மா பின்னால் நின்று கைதட்டினாள். பச்சைப் பொட்டலத்தால்தான் என்கிறாள். நான் மறுக்கவில்லை, அதன் தேதி அடுத்த ஜனவரிவரை இருக்கிறது.

நிரந்தரமாக வைத்துக்கொண்டார்கள் என்ற சேதியைப் படித்துவிட்டுத் தெரு முழுக்கச் சொன்னேன். மீன் உருண்டைக்காரர், "அங்கியில என் கடைப்பேரு நின்னதாலதானே ஒம் பொண்ணுக்கு வேல நெலச்சுது" என்று பங்கு கேட்கிறார். கயிறிழுப்புப் பெண்கள் தைபே போய் மூன்றாவதாக வந்தார்கள். மான்-நிங் சட்டையை இன்னும் கழற்றவில்லையாம்.

நீ விளக்கியது எனக்குப் புரிந்ததா என்று சோதிக்க அம்மாவுக்குச் சொல்லிப் பார்த்தேன். தையல் விவரத்தைக் கணினி ஒரே அளவுப் பெட்டிகளில் போட்டு அனுப்புகிறது. கடைசிப் பெட்டி குறையாக வந்தால், சரி, முடிந்தது என்று இயந்திரம் தெரிந்துகொள்கிறது. ஆறு தடவை பாதியாகும் எண்ணிக்கையில் நடப்பதுபோல, கணக்காகக் கடைசிப் பெட்டியும் நிறைந்துவிட்டால், முடிந்தது என்று சொல்ல ஒரு வெறும் பெட்டியை அனுப்ப வேண்டும். உங்கள் நிரலோ, உள்ளே ஒன்றும் இல்லையே, இதை எதற்கு வலை வழியே சுமப்பது என்று அதை அனுப்பாமல் எறிந்துவிட்டது. கீழே இயந்திரம் இன்னும் வரும், இன்னும் வரும் என்று ஊசியைத் தூக்கிப் பிடித்தபடி நின்றது. உங்கள் அலுவலகத்தில் சோதித்த கோப்புகளில் ஒன்றுகூட அப்படி நிறைந்து முடியவில்லை. இவ்வளவுதானே? அம்மா கேட்டுவிட்டு, "அந்த மெஷினத் திட்டுனீங்களே, பாவம்" என்றாள்.

நானும் யோசித்துப் பார்த்தேன். நீ பத்து நாள் எழுதாமல் இருந்துவிட்டு, சொல்ல ஒன்றும் இல்லை அப்பா, அதனால்தான் எழுதவில்லை என்பாய். நான் இங்கே மதியத் தூக்கம் முடிந்து எழும் நேரம்தான் அங்கே நீ வேலைக்குப் போய்ச் சேரும் நேரம். அந்த நேரத்தில் கைபேசியைப் பார்ப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. சேதி ஒன்றும் வேண்டாம். வெறும் பெட்டி போதும்.

நேற்று நானே அம்மாவின் கைபேசிக்கு வெறும் செய்தி அனுப்பிப் பார்த்தேன். போகவில்லை. எழுத்தில்லாமல் அனுப்ப விட மாட்டேன் என்கிறது, உங்கள் பழைய நிரலுக்குத் தம்பி போல. ஆகையால் ஒரு புள்ளி வைத்து அனுப்பு. அதற்கு மேல் எழுதினால் கூடுதல் தையலாக வைத்துக்கொள்கிறேன்.

மெத்தைப்போர்வையை அம்மா இன்னொரு தடவை வெயிலில் போட்டுத் தட்டி, சுருட்டி, கயிறு கட்டினாள். நேற்று அஞ்சலகத்தில் கொடுத்துவிட்டேன். எடைபோட்ட பெண், "இவ்வளவு தூரத்துக்குப் போர்வையா, அங்க கெடைக்காதா?" என்றாள். கிடைக்கும் என்றேன். மூன்று வாரத்தில் வந்து சேருமாம். ஓரத்தில் உன் பெயரைப் பூத்தையலில் போட்டிருக்கிறேன். முடிச்சு சேர்க்கவில்லை, ஒரே ஓட்டத்தில் ஓடியது.

நன்றாகப் போர்த்திக்கொண்டு தூங்கு. காலையில் போய்ச் சேர்ந்ததும் புள்ளி வை.

கீழே காத்திருக்கும்
அப்பா, கோ சின்-தா