ஐரீன் என்றால் சமாதானம்

என் அலெக்ஸ்,

உன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது உன் அம்மாவுக்கு இன்றும் பிடிக்கவில்லை. எனக்கு வேறெப்படிக் கூப்பிட வரும்?

மகள் நடக்கத் தொடங்கிவிட்டாள். உன் நெற்றி. சிரித்தால் என் அப்பாவின் சாயல். அதை அவரிடம் சொல்லத்தான் வழியில்லை.

அவள் வயிற்றிலிருந்தபோது, காரக்கோணத்தில் டாக்டரைப் பார்க்கக் காத்திருந்தோமே, அன்று நீ போனில் கிரேக்கப் பெயர்களாகத் தேடி வாசித்தாய். ஸோயி என்றால் உயிர். சோபியா என்றால் ஞானம். "சுனிதா, இஞ்ச பாரு, பிலிப்புன்னா குதிரைய நேசிக்கவனாக்கும்! நம்ம பிலிப்பு மாமா பசுவக் கண்டாலே ஓடுவாரு" என்று நீ சிரித்ததில் பக்கத்தில் இருந்தவர்களும் சிரித்தார்கள். பிறகு ஐரீனில் வந்து நின்றாய். சமாதானம். "உனக்க வீட்டுலயும் எனக்க வீட்டுலயும் இல்லாதது அதுதான். இதையே வச்சிருவோம்" என்றாய். கோயிலுக்குப் போகிற வீட்டுப் பெண் நான், சர்ச்சுக்குப் போகிற வீட்டுப் பையன் நீ. பிள்ளை பிறந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று இருவருமே நம்பினோம்.

அடுத்த மாதம் அம்பூரியிலிருந்து ரப்பர் ஷீட் ஏற்றி வரும்போது மழையில் உன் வண்டி கவிழ்ந்தது. அலெக்சாண்டர் என்றால் மனிதரைக் காக்கிறவன் என்றும் நீதான் வாசித்திருந்தாய்.

கல்யாணத்துக்குக்கூட வராத என் அப்பா, பெயரிடும் நாளில் நெய்யாற்றின்கரையிலிருந்து பாறசாலைக்கு வந்தார். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, "கார்த்திகை நட்சத்திரத்துல பெறந்தவ. கார்த்திகான்னு விளிப்போம்" என்றார். உன் அம்மா குழந்தையை வாங்கிக்கொண்டார். "எனக்க மோன் போயிட்டான். அவனுக்க பேராவது இந்த வீட்டுல வேணும். இவ அலெக்சியாக்கும்." நான் ஐரீன் என்றேன், நீ வைத்த பெயர் என்றேன். இரண்டு பேருமே நம்பவில்லை. அப்பா சாயாகூடக் குடிக்காமல் இறங்கிப் போனார்.

கிறிஸ்துமஸுக்கு அடுத்த வீட்டில் வெடி போட்டார்கள். பிள்ளை அசையாமல் தூங்கினாள். உன் அம்மாதான் முதலில் கவனித்தார். தலைமாட்டில் ஒரு பாத்திரத்தைத் தட்டினார். மறுபடி தட்டினார். "மக்கா, பிள்ளைக்கி காது கேக்கல்லியே" என்று என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

செவி நரம்பே சரியாக உருவாகவில்லை, கருவி வைத்தாலும் பெரிதாகப் பயன் இராது என்றார் டாக்டர்.

அப்பாவுக்குப் போன் செய்தேன். "எந்தப் பேரச் சொன்னாலும் அவளுக்குக் கேக்காதுப்பா. இனியாவது வாங்க." "இந்தக் கல்யாணம் வேண்டாம்னு நான் அன்னைக்கே சொன்னேன் இல்லியா" என்று வைத்துவிட்டார்.

உன் அம்மா இன்னும் அவள் முதுகுக்குப் பின்னால் நின்று அலெக்சி என்று கூப்பிடுகிறார். சத்தத்தைக் கூட்டிக் கூட்டி, தொண்டை கட்டும்வரை. தடுக்க எனக்கு மனம் வரவில்லை.

இவளுக்குச் சைகை கற்றுக்கொடுக்க வேண்டும். பால், தண்ணீர், பூனை எல்லாம் காட்டிச் சொல்லிவிடலாம். சமாதானத்தை எதைக் காட்டிச் சொல்வேன், அலெக்ஸ்? இந்த வீட்டில் காட்ட என்ன இருக்கிறது?

எல்லாம் சரியாகும் என்று உனக்கு எழுத முடியவில்லை. ஒன்றுக்கு மட்டும் வாக்குத் தருகிறேன். நான் அவளைப் பின்னாலிருந்து கூப்பிட மாட்டேன். முன்னால் வந்து, குனிந்து, அவள் என் முகத்தைப் பார்த்த பிறகுதான் ஐரீன் என்பேன்.

உன் மகளின் அம்மா,
சுனிதா