குட்டிக்கும் தாய்க்கும் நடுவே

அந்த நாற்றத்தைத்தான் சொல்கிறேன் அண்ணே, அழுகின மீனும் சேறும் கலந்த மாதிரி. ரூபன் சட்டையைச் சோப்புப் போட்டு அலசிக் காயப்போட்டும் போகவில்லை. என் மகன் மேல் திமிங்கலம் விட்ட மூச்சு அது. நீ போய்ச் சேர்ந்த பிறகு இதை யாரிடம் சொல்ல?

காலையில் பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் நிற்கிறேன், கடலிலிருந்து போன் பேசுகிறான் ரூபன்.

“எம்மா, திமிங்கலம். வள்ளத்துக்கு இந்தப் பக்கம் குட்டி, அந்தப் பக்கம் தாய். சகாயம் வீடியோ எடுக்கணும்னு நடுவுல கொண்டு விட்டுட்டான்.”

சகாயம் அவன் கூட்டாளி. “ஓடிரலாம்லே, எஞ்சினை முறுக்குதேன்” என்று அவன் கத்துவதும் கேட்டது.

நீ கப்பல் வேலையை விட்டு வந்து வள்ளம் ஓட்டிய காலத்தில் ஒரு தடவை இதே மாதிரி ஒன்றைப் பார்த்துவிட்டு வந்து சொன்னாயே: “ஏளா, பெரியவர் வந்தா எஞ்சினை அணைச்சிரணும். துடுப்பால வள்ளத்தைத் தட்டணும். நாம எங்கன நிக்கோம்னு அவருக்குத் தெரியணும்லா?” திமிங்கலம் என்ற பேரை நீ கடலில் சொல்லமாட்டாய், பெரியவர்தான். வெளிநாட்டுக் கப்பல்காரர்கள் ஈட்டியைப் பீரங்கியில் வைத்து அதுகளை அடித்து, கொழுப்பைக் கப்பலிலேயே உருக்கி எண்ணெயாக்கிய கதையெல்லாம் பழைய மாலுமிகளிடம் கேட்டு வந்தவன் நீ. “கொல்லக்கூடாதுன்னு இப்பத்தான் சொல்லுதானுவ. மிச்சம் இருந்தாத்தானே பெருகும்?” என்பாய்.

பெருகியிருக்கிறது போல, அண்ணே. ஆனால் இடையில் அதைப் பார்க்காமலே வளர்ந்த பிள்ளைகளுக்கு உன் பழக்கம் தெரியவில்லை. கண்டதும் போனைத் தூக்குகிறார்கள்.

“ஏலே, எஞ்சினை அணை. துடுப்பால தட்டு.”

“அணைச்சா திரும்ப ஸ்டார்ட் ஆவாதும்மா. அது முட்டிச்சுன்னா?”

“மாமா சொன்னதுலே. அணை.”

எஞ்சின் சத்தம் நின்றது. டொக், டொக் என்று தட்டும் சத்தம். அப்புறம் லைன் அறுந்துவிட்டது.

திரும்பத் திரும்ப அடித்தேன், கிடைக்கவில்லை. உன் சொல் தப்பாக இருந்தால்? அதை நம்பித்தானே பெற்ற பிள்ளையை நடுக்கடலில் நிறுத்திவிட்டேன். செபமாலையைப் பிடித்தால் மனப்பாடமான செபமே பாதியில் அறுந்து போகிறது. “மாதாவே, அதுவும் பெத்தவதான், நீ சொன்னா கேக்கும்” என்று மட்டும் சொல்லிக்கொண்டு கரைக்கு ஓடினேன்.

மணல் சுட ஆரம்பித்த பிறகுதான் வள்ளம் வந்தது.

“தாய் அடியில வந்துச்சும்மா, வள்ளமே தூக்குன மாதிரி இருந்துச்சு,” என்றான் ரூபன். “பக்கத்துலயே எந்திச்சு எங்க மேல மூச்சு விட்டுட்டு, குட்டியக் கூட்டிட்டுப் போயிட்டு.”

“வீடியோ எங்கலே?” என்று சகாயத்தைக் கேட்டேன்.

“போன் கடல்ல விழுந்துட்டு அத்தை.”

“நல்லா வேணும்,” என்று அவனையும் சேர்த்துக் கட்டிக்கொண்டேன்.

உன் சொல்லை இத்தனை காலம் சும்மா வைத்திருந்தேன். இனி அது ரூபனிடமும் இருக்கும்.

இதை எழுதும்போதுதான் ஞாபகம் வருகிறது, அண்ணே. நீ பார்த்தது ஒற்றையாய் வந்தது. நீ எஞ்சினைத் திரும்பப் போட்டதும், துறைமுக விளக்கு தெரிகிற வரைக்கும் உன் வள்ளத்துக்குப் பின்னாலேயே வந்துகொண்டிருந்தது. கூட்டமெல்லாம் வேட்டையில் போய், துணைக்கு உன் எஞ்சின் சத்தத்தைத்தான் தேடி வந்ததோ என்னவோ.