பிளஷ் என்று கையெழுத்திட்ட கை

ஐப்பசி 9, திங்கள்

விடியலிலிருந்து தூறல். ஒரகடம் போகும் கம்பெனி பஸ் தாமதம். குடை மறதி.

இன்று முதல் நான் வெறும் ஆறுமுகம் அல்ல, உள்ளங்கைச் சக்கரவர்த்தி. படப்பை ஜவுளிக்கடையில் முப்பது வருஷம் புடவை தடவிய கை என்று சொல்லி, தங்கை மகன் பிரபு (இங்கே லைன் சூப்பர்வைசர்) கார் சீட்டைத் தொட்டுப் பார்க்கும் வேலையில் சேர்த்துவிட்டான். மகுடம்: நீல வலைத் தொப்பி. அரண்மனை: ஜன்னல் இல்லாத ஏசி அறை. போன் லாக்கரில். கதவு பிரபுவின் கார்டுக்கு மட்டும் திறக்கும்.

கூட ஸ்டெல்லா. வல்லக்கோட்டைப் பக்கம், எட்டு வருஷ சர்வீஸ், வாயில் எந்நேரமும் ஏலக்காய். விதி: இருவரும் ஒரே வார்த்தையை டிக் அடிக்கும் வரை வெளியே போக முடியாது. ஜெயிலில்கூட மனு கொடுக்கலாம்.

சுவரில் இங்கிலீஷ் வார்த்தைகள். ஸ்டெல்லாவின் உரை:

ஹார்டு – சொல்லவே வேண்டாம்.
ஸாஃப்ட் – அமுங்கினால் போதும். பஞ்சு, பூனை, யாராயிருந்தாலும்.
ஸ்பாஞ்சி – அமுக்கினால் உடனே எகிறும்.
மஷி – அமுங்கினால் எழாது. அழுகல் வாழைப்பழம்.
பிளஷ் – ராஜ வம்சம். கை முழுக வேண்டும், அடி தட்டக்கூடாது, சோம்பலாக மேலே வர வேண்டும். இது வந்தால்தான் சீட் பாஸ்; மற்றதற்கெல்லாம் சிவப்பு ஸ்டிக்கர், ரிஜெக்ட்.

"இட்லிய பிளஷ்னு சொல்லலாமாம்மா?"

"கூடாது அங்கிள். இட்லி ஸ்பாஞ்சி. பிளஷ்னா சோபா, கம்பளம், பெரிய ஓட்டல் ரூமு. தொட்டா பணக்கார வாசனை வரணும்."

ஐப்பசி 10, செவ்வாய்

வெயில். வீட்டில் பயிற்சி. தலையணை: மஷி. குளியல் துண்டு: உப்புத்தாள். பக்கத்து வீட்டுப் பூனை: ஸாஃப்ட், கூடவே கீறல் இரண்டு. மனைவியின் குரல்: சுவரில் வார்த்தை இல்லை. மொத்த வீட்டிலும் பிளஷ் பூஜ்யம். நாற்பது தலைமுறையாக எங்கள் வம்சத்தில் எவனும் பிளஷ்ஷில் உட்கார்ந்ததில்லை என்பது உறுதி.

ஐப்பசி 11, புதன்

மழை. புது மாடல் சீட் வந்தது. மேலே மகாராணி. கை வைத்ததும் வெல்வெட் வரவேற்பு. விரல் ஒன்றரை அங்குலம் இறங்கியதும் டங். உள்ளே மகாபலிபுரம்.

நான் ஹார்டு. ஸ்டெல்லா தலை நிமிராமலே பிளஷ்.

கதவு மூடியே இருந்தது. மூன்று மணி. நாலு. தண்ணீர் பாட்டில் காலி. கல்பகோடி காலம் போல் நாலரை. பிரபு உள்ளே வந்தான், முகம் வெளிறி.

"மாமா, இன்னா மாமா பண்ணிக்கினு கீற? இதான் மாஸ்டர் பீஸு. வெள்ளிக்கிழம கஸ்டமர் வராங்க. இது ஓகே ஆனாத்தான் என்னிய பெர்மனெண்ட் பண்ணுவாங்க. பொண்ணு வூட்ல அதுக்குத்தான் வெயிட் பண்றாங்க."

"அடி தட்டுதுடா."

"லைட்டா அமுக்கேன்."

"லைட்டா அமுக்கினா அம்மிக்கல்லும் பிளஷ்தாண்டா!"

ஸ்டெல்லா ஏலக்காயைக் கன்னத்தில் ஒதுக்கினாள். "எனக்கும்தான் தட்டிச்சு அங்கிள். பஸ்ஸு அஞ்சுக்கு."

பிரபு நின்றான். பத்து வயதில் என் சைக்கிளைக் குளத்தில் விட்டுவிட்டு வந்து நின்றானே, அதே நிற்பு. அன்றும் தங்கையிடம் பொய் சொன்னது நான்தான்.

பிளஷ். டிக். கையெழுத்து.

ஐப்பசி 13, வெள்ளி

மேகமூட்டம். கஸ்டமர் வந்தார்கள், தட்டிக்கொடுத்தார்கள், பிரியாணி சாப்பிட்டுப் போனார்கள். யாரும் ஒன்றரை அங்குலம் இறங்கவில்லை. பிரபு கையில் பெர்மனெண்ட் ஆர்டர். தையில் நிச்சயம். தங்கை போனில் அழுதாள், நல்ல அழுகை.

அந்தச் சீட்டைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். மேலே ‘மாஸ்டர்’. கீழே என் பெயர். தினமும் காலையில் பெட்டியைத் திறந்து நானும் ஸ்டெல்லாவும் முதலில் அதைத் தொட்டு, கைக்குப் பாடம் ஏற்றி, அதை வைத்துத்தான் மற்ற சீட்டுகளுக்குத் தீர்ப்பு எழுத வேண்டுமாம். இது யாரும் முன்பே சொல்லாத சட்டம். எனக்குச் சிலையே வைத்துவிட்டார்கள், கருங்கல்லில்.

ஐப்பசி 16, திங்கள்

விடாத மழை. காலை எட்டு: மாஸ்டர். டங்.

பதினொன்றுக்குப் புது லாட் சீட்டுகள், உள்ளே வேறு ஃபோம். சும்மா கை வைத்தேன். மணிக்கட்டு வரை போயிற்று. அடி இல்லை. பாதாளம் வரை மென்மை. பிறகு அவசரமே இல்லாமல் கையை மேலே ஏந்திக் கொடுத்தது. ஐம்பத்தெட்டு வருஷத்தில் என்னை இவ்வளவு மரியாதையாக யாரும் தூக்கிவிட்டதில்லை.

ஸ்டெல்லாவும் வைத்தாள். வெகுநேரம் எடுக்கவில்லை.

"மாதாவே. அங்கிள், இதான் அது."

"எழுதிடலாமா?"

"மாஸ்டரோட ஒத்து வரலயே. பிளஷ்னு போட்டா ஏன் ரெண்டும் வேறயா இருக்குன்னு ஆபீஸ்லருந்து வந்து மாஸ்டர அடி வரைக்கும் அமுக்கிப் பாப்பாங்க. அப்புறம் உங்க பேரு, பிரபு சாரு ஆர்டரு, எல்லாம்..."

மறுபடி தொட்டேன். மறுபடி. ஸ்டெல்லா கடிகாரத்தைப் பார்க்கவில்லை, எனக்காக.

நாலே முக்கால். கதவுக்கு வெளியே பிரபு, கையில் கார்டு. கதவில் பதித்த சின்னக் கண்ணாடி வழியே கட்டை விரலை உயர்த்திச் சிரிக்கிறான். புதுச் சட்டை.

சிவப்பு ஸ்டிக்கரை ஸ்டெல்லா உரித்துக் கொடுத்தாள். ஒட்டினேன். கதவு திறந்தது.