நச்சுக்கொடியில் படிந்த சுண்ணாம்பு

என் பக்கத்துக் காம்பராக்காரிக்கு,

இன்று காலை மாத்தளை பஸ் நிலையத்தில் ஒரு பெண் வெற்றிலையில் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தாள். அந்த வாசனை பட்டதும் எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. நின்றவர்கள் ஒருமாதிரிப் பார்த்தார்கள். எல்லாம் உன்னால்தான்டி.

எட்டு வருடத்துக்கு முன் எல்கடுவத் தேயிலைத் தோட்டத்தில் அடுத்தடுத்த லயன் அறைகளில் இருந்தோம், ஒரே மலையில் கொழுந்து பறித்தோம், ஒரே பையிலிருந்து வெற்றிலை போட்டோம். நான் பிள்ளைத்தாய்ச்சி, முப்பத்தெட்டாவது வாரம். ஸ்கேன் பார்த்த டாக்டர், "நச்சுக்கொடி முத்திவிட்டது, அங்கங்கே சுண்ணாம்பு படிந்திருக்கிறது" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

வந்து சொன்னதும் உன் முகம் செத்துப்போனது.

"ஐயோ புள்ள, வெத்தலைல தின்ன சுண்ணாம்பு கொடி வரைக்கும் போயிருச்சே! நான்தானே ஒனக்குப் பழக்கிவிட்டேன்!"

வெற்றிலைப் பையை அடுப்பில் போட்டாய். கிளினிக்கில் எனக்குத் தந்த கல்சியம் மாத்திரையும் சுண்ணாம்புதான் என்று யாரோ சொல்ல, அதையும் தேயிலைத் தூருக்குள் வீசினாய். பிள்ளை அசைகிறதா என்று நிமிடத்துக்கு நிமிடம் கேட்டு என் உயிரை வாங்கினாய். எனக்கும் பயம்தான்.

மறுநாள் கிளினிக்கில் என்னை முந்திக்கொண்டு நீ அழுதாய். மருத்துவமாது சிரித்துவிட்டார்.

"மாசம் நெறையிறப்ப கொடி முத்தத்தான் செய்யும். வெள்ளைப் புள்ளியும் அப்பத்தான் வரும். ரொம்ப முந்தி வந்தாத்தான் யோசிக்கணும். அது வெத்தலைச் சுண்ணாம்பு இல்லம்மா. வெத்தலைய விட்டது நல்லது, மாத்திரைய ஏன் வீசுனீங்க?"

பிள்ளையின் இதயத்துடிப்பையும் கருவியில் கேட்கவைத்தார். "குதிரை ஓடுது புள்ள!" என்று நீ கத்தியதில் வரிசையில் இருந்தவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள்.

பத்தாம் நாள் மகள் பிறந்தாள். துணைக்கு நீதான் நின்றாய். எல்லோரும் பிள்ளையைப் பார்க்க, நீ நச்சுக்கொடியைக் காட்டச் சொல்லித் தாதியிடம் கெஞ்சினாய். தட்டில் கிடந்த அதில் மணல் தூவியதுபோல் வெள்ளைப் பொட்டுகள்.

"இம்புட்டு நாளும் புள்ளைக்குச் சோறு போட்டவ இவதான். நல்லா வேல செஞ்சிருக்கா" என்று அதற்கு ஒரு கும்பிடு போட்டாய். பிறகு சுவரில் சாய்ந்து தேம்பித் தேம்பி அழுதாய்.

நீ கண்ணை மூடி இரண்டு வருடம். ஸ்கேன் பார்த்த நேரத்திலிருந்து கிளினிக் போகும் வரை நீ பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்று உன் வீட்டுக்காரர் பிறகுதான் சொன்னார். என்னை மட்டும் சாப்பிடச் சொல்லித் திட்டினாயே, கள்ளி.

மகள் உன்னைப்போலவே வாயாடி. "நான் பொறந்தப்ப ரொம்ப அழுதது யாரும்மா, நானா நீயா?" என்று அடிக்கடி கேட்கிறாள். ரெண்டு பேரும் இல்லை என்று சொல்லி, உன் பெயரைச் சொல்கிறேன்.