எழுந்திருக்காத சீமாட்டியும் உன் அப்பாவின் பெஞ்சும்

அன்பு மகள் கன்னில்டாவுக்கு, லண்டனிலிருந்து உன் அம்மா ஆல்டித் சொல்லச் சொல்ல நம் பங்குச்சாமியார் தூரோல்ட் எழுதுவது. கடவுள் புண்ணியத்தில் நானும் நம் செம்புக் கொப்பரையும் ஒழுகாமல் இருக்கிறோம், கொப்பரைக்கு மட்டும் அடி கருத்துப்போயிருக்கிறது, அது ஏன் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் கடலுக்கு அந்தப்பக்கம் ரூவானில் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று ஞாயிறுதோறும் மெழுகுவத்தி ஏற்றுகிறேன். குழந்தைக்குப் பல் முளைக்கிறது என்று எழுதியிருந்தாய், தேனைத் தொட்டு ஈறில் தடவு, அந்த ஊர்க் கிழவிகள் சொல்லும் வைத்தியம் எதுவும் வேண்டாம்.

உன் கடிதத்தைத் திராட்சை மதுப் படகுக்காரர் கொண்டுவந்து கொடுத்தார். சித்தப்பாவோடு மல்லுக்கட்டாதே அம்மா, வீட்டை அவரிடமே கொடுத்துவிட்டு இங்கே வந்து எங்களோடு இரு என்று எழுதியிருந்தாய். சாமியார் அதை வாசித்தபோது எனக்கு முதலில் கோபம் வந்தது, பிறகு அழுகை வந்தது, அதற்குள் பார்லியை ஊறப்போட நேரமாகிவிட்டது. என்மேல் உள்ள பாசத்தில்தான் சொன்னாய், தெரியும். ஆனால் நான் வரவில்லை. வீடு என்னிடம்தான் இருக்கிறது, சாகும்வரை இருக்கும். அது எப்படி நின்றது என்று சொல்ல வேண்டுமானால் உன் ஊருக்கு இப்போது குடிவந்திருக்கிற சீமாட்டியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். இந்த இடத்தில் சாமியார் இறகுப் பேனாவைக் கீழே வைத்து, அந்தப் பொம்பளையப் பத்தி எதுக்கும்மா இப்போ என்கிறார். எழுதுங்கள் சாமி என்று சொல்லியிருக்கிறேன்.

பழைய ராஜா உயிரோடு இருந்தபோது எல்லாப் பிரபுக்களையும் வரவழைத்து, எனக்குப் பிறகு என் மகள்தான் என்று சத்தியம் வாங்கினாரே, அதெல்லாம் உனக்கு நினைவிருக்கும். அந்த மகள்தான் இந்தச் சீமாட்டி. அவர் கண்ணை மூடியதும் என்ன நடந்தது. மகள் கடலுக்கு அந்தப்பக்கம் வாயும் வயிறுமாக இருந்தார், அத்தை மகன் படகேறி வந்து கிரீடத்தை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டான். சத்தியம் செய்தவர்கள் எல்லாரும் அவன் விருந்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அந்தம்மா அழுதுகொண்டு உட்காரவில்லை. பிள்ளைகளைப் பெற்றுப் போட்டுவிட்டு, ஆட்களைத் திரட்டிக்கொண்டு கடல் தாண்டி வந்தார், வருஷக்கணக்கில் சண்டை போட்டு அந்த அத்தை மகனைப் பிடித்துச் சிறையில் வைத்தார். பிறகுதான் முடிசூட்டிக்கொள்ள நம் ஊருக்கு வந்தார். அப்போது நீ கல்யாணமாகிப் போயிருந்தாய், அதனால் நான் பார்த்ததை நீ பார்க்கவில்லை.

அரண்மனைக்குப் பார்லிக் கள் கொடுக்க நம் தெருவுக்கும் முறை வந்தது. நான் பீப்பாய்களோடு கூடத்து வாசலில் நின்றேன். உள்ளே அந்தம்மா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு பிரபுவாக வந்து மண்டியிடுகிறான், பிஷப் வருகிறார், சொந்த மாமனே வருகிறார், வடக்கே ஒரு நாட்டுக்கு ராஜா அவர். அந்தம்மா எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டார், உட்கார்ந்த இடத்திலிருந்தே பதில் சொன்னார். அன்று சாயங்காலமே ஊர் முழுக்க அதுதான் பேச்சு. உன் அப்பா கூட வீட்டுக்கு வந்து, பெரிய மனுசங்க முட்டி போடுறாங்க, மரியாதைக்குக்கூட எந்திரிக்க மாட்டேங்குறா, அப்படி என்ன கொழுப்பு என்றார். இவ அப்பன் யாருக்காவது எந்திரிச்சிருக்காரா, அப்ப யாராவது கொழுப்புன்னு சொன்னீங்களா என்று கேட்டேன். உன் அப்பா கஞ்சியில் உப்பு இல்லை என்றார்.

வரி கேட்டார், அதையும் மறைக்கவில்லை. நானும் முணுமுணுத்துக்கொண்டுதான் கொடுத்தேன். ஊர்க்காரர்கள் பொறுக்கவில்லை. முடிசூட்டுக்கு முன்னால், யோவான் திருநாள் மதியம், அந்தம்மா சாப்பிட உட்கார்ந்த நேரம் பார்த்து எல்லாக் கோயில் மணியையும் அடித்துவிட்டார்கள். கையில் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு ஊரே அரண்மனைக்கு ஓடியது, உன் அப்பாவும் ஓடினார். நான் அங்கேதான் இருந்தேன், காலிப் பீப்பாய் எடுக்கப் போனவள் நடுவில் மாட்டிக்கொண்டேன். கூட்டம் உள்ளே நுழைவதற்குள் அந்தம்மா குதிரையேறிப் போய்விட்டார். கூடத்தில் பிரபுக்கள் உட்கார்ந்த பெஞ்சு எல்லாம் குப்புறக் கிடந்தது, ரொட்டியை மிதித்துக்கொண்டு ஓடியிருந்தார்கள், ஒருவன் செருப்பைக்கூட விட்டுவிட்டுப் போயிருந்தான். அந்தம்மாவின் நாற்காலி மட்டும் மேசைக்குச் சற்றுத் தள்ளி நேராக நின்றது. கை துடைத்த துணி மடித்து வைத்தபடி இருந்தது. கன்னில்டா, நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். அத்தனை மணி அடித்தும் பதறாமல் எழுந்திருக்கிறார். உன் அப்பா அந்த மேசையிலிருந்து ஒரு வாத்துக்காலை எடுத்துக்கொண்டு வந்தார், நான் தொடவில்லை. அவர் நல்ல மனிதர், ஊரோடு ஓடுவார், அவ்வளவுதான்.

இப்போது நம் வீட்டுக்கு வருகிறேன். உன் அப்பா போன பிறகு உன் சித்தப்பா ஓஸ்பர்ட் நம் பின்கட்டுக் கிணற்றையே சுற்றிச் சுற்றி வந்தார், சாயத் தொழிலுக்கு அந்தத் தண்ணீர் வேண்டும். அண்ணி, ஒத்தப் பொம்பளைக்கு இவ்ளோ பெரிய வீடு எதுக்கு, பின்னால ஒரு ரூம் தர்றேன், கஞ்சியும் ஊத்துறேன் என்று நாலு பேர் முன்னால் சொல்வார். நான் சிரித்து மழுப்பிக்கொண்டே வருஷ நினைவு நாள்வரை வந்துவிட்டேன். நம் தெரு வழக்கத்தை நீ மறந்திருக்க மாட்டாய். அன்று விதவை தன் புருஷனுடைய பெஞ்சில் உட்கார வேண்டும், தெருப் பெரியவர் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு, இந்தப் பெஞ்சுக்கு வேறு யாராவது உண்டா என்று மூன்று தடவை கேட்பார், ஒவ்வொரு தடவைக்கும் நடுவில் சாமியார் ஜெபம் சொல்வார். அதுவரை அவள் எழுந்திருக்கக் கூடாது. எழுந்தால் விட்டுக்கொடுத்ததாகக் கணக்கு. கடைசிவரை உட்கார்ந்துவிட்டால் மறுமணம் செய்யாதவரை வீடு அவளுடையது.

பெரியவர் அல்வின் முதல் தடவை கேட்டார். சித்தப்பா, எனக்கு உண்டு என்று சொல்லிவிட்டு எதிரில் உட்கார்ந்தார், உரிமை கேட்கிறவரும் உட்கார்ந்துதான் கேட்க வேண்டும், எழுந்தால் அவருக்கும் அதே கணக்கு. உடனே வாயில் தேன் ஒழுக, அண்ணி, தொண்டை வறளுது, ஒரு குவளை ஊத்துங்களேன், உங்க கை கள்ளுக்கு நான் அடிமைன்னு தெரியாதா என்றார். யார் குவளையை நீட்டினாலும் என் கால் எழுந்துவிடும், ஆயுள் முழுக்கப் பழகிய கால், அவருக்கு அது தெரியும். என் முழங்கால் அசையவே அசைந்தது. பெஞ்சு விளிம்பைப் பிடித்துக்கொண்டு, பீப்பாய் அங்க இருக்கு, உங்களுக்குக் கை இருக்கு என்றேன். வந்திருந்த சொந்தக்காரிகள் வாயைப் பொத்தினார்கள். புருஷன் போன திமிரு என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. எனக்கு அந்த நாற்காலிதான் கண்ணில் நின்றது.

இரண்டாம் தடவையும் கேட்டாயிற்று. சித்தப்பா குளிர்கிறது என்று உட்கார்ந்த வாக்கிலேயே குனிந்து, எதிரே அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த என் கொப்பரைக்கு அடியில் விறகை அள்ளி அள்ளித் திணித்தார். அதில் சந்தைக்காகக் காய்ச்சிக்கொண்டிருந்த கள் முழுவதும் இருந்தது. நம் சாமியார் வேறு ஜெபத்தை ஆமை வேகத்தில் சொல்கிறார். (அப்படிச் சொல்லவில்லை என்று இப்போது என்னிடம் சண்டை பிடிக்கிறார், சொன்னார்.) கொப்பரை பொங்கியது, பிறகு அடிப்பிடிக்கும் வாசனை வந்தது. வேறு யாரும் அதைக் கிளறப் போகவில்லை, எல்லாரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் வடித்த கள் ஒரு நாளும் தீய்ந்ததில்லை என்று உனக்குத் தெரியும். என் பிள்ளை எரிவதுபோல இருந்தது, பயமாகவும் இருந்தது, இதை விற்றுத்தான் அடுத்த மூட்டை பார்லி வாங்க வேண்டும். எழுந்து இரண்டு எட்டு வைத்தால் போதும். எழுந்திருக்கவில்லை, கன்னில்டா. புகை கண்ணைக் கரித்தது, கண்ணீர் கொட்டியது, துடைக்கக்கூட இல்லை.

புகை என்னைத் தேடி மட்டும் வருமா. சித்தப்பா அடுப்புக்குப் பக்கத்தில் அல்லவா உட்கார்ந்திருந்தார், அவருக்குத்தான் முதலில் இருமல் பிடித்தது. இருமி இருமி முகம் சிவந்து, கடைசியில் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து வாசலுக்கு ஓடினார். அல்வின் நிலையை விடவில்லை, அவரும் இருமிக்கொண்டேதான் மூன்றாம் தடவை கேட்டார். உள்ளே பதில் சொல்ல ஆள் இல்லை. வெளியே போனவரைப் பார்த்து, ஓஸ்பர்ட்டு, யாரு எந்திரிச்சதுன்னு எல்லாரும் பார்த்தாச்சு, வீட்டுக்குப் போய்யா என்றார். பிறகு உள்ளே வந்து தானே ஒரு குவளை ஊற்றி என் கையில் கொடுத்து, இப்ப எந்திரிக்கலாம் ஆல்டித்து என்றார். அப்போதுதான் பார்த்தேன், கால் மரத்துப்போய் எழுந்திருக்கவே முடியவில்லை. எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், பிறகு நன்றாக அழுதேன்.

அந்தம்மாவுக்கு இப்படி ஒரு அல்வின் கிடைக்கவில்லை. முடி கிடைக்கவில்லை, சண்டை இழுத்துக்கொண்டே போய், கடைசியில் கடலைத் தாண்டித் திரும்பிவிட்டார். ஆற்றங்கரை மடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறார், பாலத்தில் போகும்போது சில சமயம் பார்க்கிறோம், சிடுசிடுப்பானவர் என்று ஊரில் சொல்கிறார்கள் என எழுதியிருந்தாய். சொல்லட்டும். இத்தனை தோற்றும் அது என்னுடையது இல்லை என்று ஒரு தடவைகூட அவர் வாயிலிருந்து வரவில்லை, இப்போது மகன் வளர்ந்து அதே உரிமையைக் கேட்கிறான். அடுத்த தடவை பாலத்தில் பார்த்தால் ஓரமாக நின்று எனக்காக ஒரு தடவை மண்டியிடு. அவர் உன்னைப் பார்க்காமல் போனாலும் மனம் நோகாதே. பேச வாய்ப்புக் கிடைத்தால், லண்டனில் ஒரு கள்ளுக்காரி உங்களைப் பார்த்து உட்காரக் கற்றுக்கொண்டாள் என்று சொல். ஊரோடு ஓடாதவர்களும் அங்கே இருந்தார்கள் என்று அவருக்குத் தெரியட்டும்.

பல் முளைக்கும் குழந்தைக்கு என் முத்தம், மாப்பிள்ளைக்கு என் ஆசி, உனக்குக் கர்த்தர் நீண்ட ஆயுளும் உறுதியான முழங்காலும் கொடுக்கட்டும். கொப்பரையைத் தேய்க்க அந்த ஊர்ச் சன்ன மணல் கொஞ்சம் படகுக்காரரிடம் கொடுத்தனுப்பு. சாமியார் கை வலிக்கிறது, ஒரு குவளை கொடும்மா என்கிறார், பீப்பாயைக் காட்டியிருக்கிறேன். ஒன்றை மட்டும் மறக்காதே. எனக்குப் பிறகு இந்த வீடு உனக்கு என்று அல்வின் காதில் போட்டுவிட்டேன். நீ இந்தப் பெஞ்சில் உட்காரும் அன்றைக்கும் சொந்தத்தில் யாராவது சிரித்துக்கொண்டே வந்து உன் எதிரில் உட்கார்ந்து, தொண்டை வறளுது அக்கா என்பான். ஊற்றாதே.

உன் அப்பாவின் பெஞ்சில் உட்கார்ந்தபடி,
உன் அம்மா ஆல்டித்.